திட்டு மூன்று: துணி

ஜூன் 4, புதன்

துவாக்குடி பஸ்ஸில் திருவெறும்பூர் வரை நின்றுகொண்டே போனேன். முப்பத்தொன்பது வயதுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

கம்பெனியில் உட்கார்ந்ததும் முதல் வேலை, சிஸ்டம் நேற்று எத்தனை தடவை பொய்யாக எச்சரித்தது என்று எண்ணுவது. இருபத்து மூன்று. முந்தாநாள் பத்தொன்பது. நான் எழுதி வைத்திருக்கும் பத்து நிலைமைகளில் மோசமானது ஒன்பதாவது: 'ஆற்றில் ஆள், தண்ணீர் வருகிறது.' அது ஒரே நாளில் இருபத்து மூன்று முறை வருமா? வந்தால் கொள்ளிடத்துக்குள் ஒரு ஊரே குடியிருக்க வேண்டும்.

ஜெய்சங்கர் சார் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். முதலாளி வந்து நின்றாலே நானும் எழுந்து நின்றுவிடுவேன். நீர்வளத் துறையில் கேட்கிறார்களாம்: பழையபடி ஓயாமல் ஊதிக்கொண்டே இருப்பதற்கு இந்த சிஸ்டம் எதற்கு என்று. நியாயமான கேள்விதான். மேலே மதகு திறக்கும்போதெல்லாம், கணுக்கால் தண்ணீருக்குக்கூட ஊதி ஊதி, சைரன் கேட்டால் ஆற்றில் இருப்பவர்கள் தலையைத் தூக்குவதே இல்லை. அதனால்தானே எங்களைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு தண்ணீர், எப்போது வந்து சேரும், மணலில் ஆள் உண்டா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இப்போது நிலைமை இதுதான் என்று சொல்ல வேண்டும். சைரன் அறையில் இருப்பவர் அதைப் பார்த்து முடிவெடுப்பார். இதுவரை அது உதவிய லட்சணம், ஆளைப் போட்டு அலைக்கழித்ததுதான்.

எல்லாப் பொய்யும் மூன்றாம் மணல் திட்டிலிருந்துதான் வருகிறது. நாளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஸ்ரீரங்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கொள்ளிடக் கரைக்குப் போனேன். சைரன் அறையில் பிச்சைமுத்து அண்ணன் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கான்ட்ராக்ட் ஆள், பதினோரு வருடமாக அதே அறை. நாங்கள் வைத்த திரையின்மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். தூசி படுகிறதாம். இப்படி மூடிவைத்தால் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கத்தும்போது எடுத்துப் பார்ப்பாராம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவர் டீ வாங்கித் தந்ததும் போய்விட்டது.

மூன்றாம் திட்டு அந்த அறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நாணல் மறைக்கிறது. கேமராவில்தான் பார்க்க முடியும். இரண்டு பேரும் மணலில் நடந்தே போனோம். அங்கே போனதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணல் முழுக்க லாட்ஜ் பெட்ஷீட். நாற்பது, ஐம்பது இருக்கும். நான் ஆள் ஆள் என்று மாரடித்ததெல்லாம் பெட்ஷீட்!

துவைப்பவர் பெயர் காளியாயி. கணவர் இல்லை, ஒரு மகள். வெற்றிலை மென்றுகொண்டே பேசுகிறார். நான் நோட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "என்னம்மா, எந்தத் துணி எந்த லாட்ஜுன்னு கணக்கெடுக்குறீங்களா? எனக்கே தெரியாது" என்றார். கம்பத்தில் இருந்த கேமராவைக் காட்டினேன். அதில் தானும் தெரிவாரா என்று கேட்டார். நடந்தால் தெரிவீர்கள் என்றேன். உடனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து காட்டினார்.

திரும்பும்போது பிச்சைமுத்து அண்ணன் சொன்னதை வார்த்தை மாறாமல் நோட்டில் குறித்துக்கொண்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், அவ்வளவு பிடித்தது: "வெயில் வந்துட்டா, அந்தத் திட்டுல வெள்ளையா அசையாம கெடக்கறது துணிதாங்க மேடம்." மூன்று வாரமாக நான் திரையைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டது அவருக்கு ஒரு வாக்கியம்.

ஜூன் 7, சனி

பக்ரீத். கறியைப் பங்கு போட்டுக் கொடுத்து முடிக்கவே மூன்று மணி. வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்து பிரியாணிச் சட்டியைக் காட்டச் சொன்னார். பாவமாக இருந்தது.

ஜூன் 11, புதன்

விதி எழுதிவிட்டேன். நாற்பத்தோராவது விதி. திட்டு மூன்று, அசையாத வெள்ளை, காலை ஏழு முதல் பகல் ஒன்று வரை என்றால் துணி. ஆள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெயில் என்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் ரொம்ப நேரம் யோசித்தேன். கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது, அதை வைத்து வெயிலா மேகமா என்று கண்டுபிடிக்க முடியாது. வெயில் அளக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும் என்று கேட்டேன். ஜெய்சங்கர் சார் சிரித்துவிட்டார். "திருச்சியில வெயில் அடிக்குதான்னு பார்க்க மிஷினா மேடம்?" நானும் சிரித்தேன். பீமநகரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? காலை ஏழு மணிக்கு மேல் இந்த ஊரில் வெயில் இல்லாத நாள் எது? வெயில் என்ற இடத்தில் ஏழு மணி என்று போட்டேன்.

பழைய படங்களை ஓட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று பூஜ்யம் ஆனது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

பத்தொன்பது நாளாக ஒரு பொய் எச்சரிக்கைகூட இல்லை. துறையில் பாராட்டினார்களாம்.

ஆனால் பிச்சைமுத்து அண்ணன் இந்த மாதம் இரண்டு தடவை, திரை வேண்டாம் என்று சொல்லியும் ஊதியிருக்கிறார். மாத அறிக்கையில் அதுவும் தானாகப் பதிவாகிப் போய்விட்டது. நான்தான் அனுப்பினேன். கான்ட்ராக்டர் மூலம் அவருக்கு மெமோ வந்திருக்கிறது: இனி திரைக்கு மாறாக ஊதினால் எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும். போன் செய்து கேட்டார், மனசுக்குப் பட்டுச்சுன்னு எழுதலாமா மேடம் என்று. அப்படியெல்லாம் எழுத முடியாது அண்ணே என்றேன். மனசுக்குப் பட்டதற்கு என் பத்து நிலைமைகளில் இடமில்லை.

ஜூலை 23, புதன். மதியம்

பஜ்ர் தொழுகைக்கு எழுந்தபோதே வானம் மூடிக் கிடந்தது. ஆடியில் இப்படி ஒரு குளுமை எப்போதாவது கிடைப்பது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

ஒன்பதரைக்கு, மீட்டிங் நடுவில் பிச்சைமுத்து அண்ணன் போன். மேகமாக இருக்கிறது என்று ஏதோ சொன்னார். திரை சொல்வதைக் கேளுங்கள் என்றேன். வேலூரிலும் நம் சிஸ்டம் கேட்கிறார்களாம். ஹஃப்ஸாவுக்கு டிபன் பாக்ஸ் மூடி வாங்க மறக்கக் கூடாது.

அதே நாள், மாலை

காளியாயி இறந்துவிட்டார்.

ஐந்தரை மணிக்கு ஹஃப்ஸா டியூஷனிலிருந்து வந்தவள், போனை நீட்டி, "இது உங்க கேமரா இருக்கற எடம்தானேம்மா?" என்றாள். மதகு திறந்த தண்ணீர் பத்தேகாலுக்கு வந்திருக்கிறது. உடம்பு நாணலில் சிக்கிக் கிடந்ததாம். இன்னா லில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது.

சைரன் ஊதவில்லையாம். ஏன் ஊதவில்லை?

ஜூலை 24, வியாழன்

படத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் திட்டு. துவைத்த பெட்ஷீட் எல்லாம் ஈரத்தோடு கல்லின்மேல் குவியலாக இருக்கிறது. ஒன்றைக்கூட விரிக்கவில்லை. வெயிலே இல்லையே, எதற்கு விரிப்பார்? வெயில் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது, இரண்டு நாளாகக் காய்ச்சலாம். ஒரு பெட்ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு மணலில் படுத்திருக்கிறார். வெள்ளை, அசையவில்லை, மணி எட்டு ஐம்பது. கீழே என் சிஸ்டம் எழுதியிருக்கிறது: 'திட்டு மூன்று: துணி. ஆள் இல்லை. சைரன் தேவையில்லை.' பத்து பதினான்கு வரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதையே எழுதியிருக்கிறது.

வழக்கமாக நாற்பது வெள்ளை இருக்கும் இடத்தில் அன்றைக்கு ஒரே ஒரு வெள்ளை. ஒன்று மட்டும் ஏன் என்று கேட்க அதற்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு நிலைமையெல்லாம் தெரியாது, நான் எழுதிக் கொடுத்த பத்தில் இது எது என்று பொருத்திப் பார்க்க மட்டும்தான் தெரியும். பதினொன்றாவது ஒன்று இருந்தது. ஒரு பொம்பளை வெயிலுக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் அது.



ஜூலை 26, சனி

விடுமுறை நாளில் எல்லோரையும் வரச் சொல்லி மீட்டிங். ஜெய்சங்கர் சார் குரலை உயர்த்தவே இல்லை. நம்முடையது முடிவெடுக்கும் சிஸ்டம் இல்லை, முடிவெடுப்பவருக்கு உதவும் சிஸ்டம், ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். "நாம ஆலோசனைதான் சொல்றோம். ஊதறதும் ஊதாததும் அவர் கையில இருக்கு." துறைக்குப் போகும் அறிக்கையில் விதி நாற்பத்தொன்று வராது. ஆளை நேரில் போய்ப் பார்க்காமல் ஆபரேட்டர் அலட்சியமாக இருந்தார் என்று வரும்.

மாறாக ஊதினால் மெமோ, மாறாமல் இருந்தால் அலட்சியம். இதை நான் எழுந்து கேட்டேனா? கேட்கவில்லை. என் நோட்டுகளை எல்லாம் ஆபீஸில் ஒப்படைக்கச் சொன்னார். ஒப்படைத்தேன். பிச்சைமுத்து அண்ணன் சொன்ன வாக்கியம் இருந்த நோட்டும் அதில் போயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

பிச்சைமுத்து அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கவனக்குறைவால் மரணம் என்று போலீஸில் வழக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீட்டு அக்கா காவிரிக்குப் போய்வந்து சித்ரான்னம் கொடுத்தனுப்பினார். இந்த வருடம் படித்துறையில் காலையிலிருந்து ஓயாமல் விசில் ஊதுகிறார்களாம், காது கிழிகிறதாம். ஹஃப்ஸாதான் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

போய்விட்டு வந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வடக்கு வாசல் தாண்டி, கரைக்குப் போகும் சந்தில் ஓட்டு வீடு. வாசலில் காளியாயியின் மகள் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். லாட்ஜுக்காரர்கள் நிறுத்தவில்லையாம், இப்போது குழாயடியில் துவைக்கிறாள்.

கேமரா கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், உட்காரச் சொன்னாள். ஒரு முனையை என்னிடம் நீட்டினாள், நானும் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஏழெட்டு மடித்திருப்போம். பிறகுதான் கேட்டாள்:

"அம்மா அசையவே இல்லியாமே. அதனாலதான் மிஷினுக்குத் தெரியலன்னு பேப்பர்ல போட்டிருக்கு. தூங்குறவங்க எங்கயாவது அசைவாங்களாக்கா?"

கையில் இருந்த பெட்ஷீட்டைச் சரியாக மடிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அவள் வாங்கி மறுபடி மடித்தாள்.

உங்கம்மா கேமராவுக்கு நடந்து காட்டினார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு நாளாக இந்த நோட்டிலேயே மழுப்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நானே எழுதுவதில்கூட.

அன்றைக்கு அவர் 'ஏதோ' சொல்லவில்லை. தெளிவாகத்தான் சொன்னார்.

"மேடம், மேகமா இருக்கு. துணின்னு காட்டுது. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. ஊதிடவா?"

"திரை என்னண்ணே சொல்லுது?"

"ஆள் இல்லைங்குது."

"அப்பறம் என்ன. அதைக் கேளுங்க. சும்மா ஊதினீங்கன்னா திரும்ப மெமோதான் வரும்."

"சரிங்க மேடம்."

நாற்பத்தெட்டு விநாடி. போனில் இன்னும் இருக்கு, ஒன்பது முப்பத்தொன்று. தண்ணி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்துச்சு. ஊதியிருந்தா எழுந்து நடந்தே கரையேறியிருப்பாங்க. காய்ச்சலோடகூட.

மேகம்னு சொன்னாரு. ஒண்ணுதான்னு சொன்னாரு. இந்த ரெண்டும்தான் அந்த நிலைமை. முழுசா என் கையில கொடுத்தாரு மனுஷன். நிலைமையைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை, பதினாலு வருஷமா அதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன். ஆனா எதிர்ல முதலாளி உட்கார்ந்திருக்காரு, திரையில வேலூர் போயிட்டிருக்கு, போனை எப்ப வைப்பாருன்னு இருந்துச்சு எனக்கு. நான்தான் சொன்னேன். சிஸ்டம் இல்ல. நான்.

இதை அவர் போலீஸில் ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 20, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, திருவானைக்கோவில் பக்கம் பிச்சைமுத்து அண்ணன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். கான்ட்ராக்டர் அப்படி எழுதச் சொன்னாராம். தூங்கினேன் என்றால் மனுஷத் தவறு, சின்னதாக முடியும்; பார்த்தும் ஊதவில்லை என்றால் உள்ளே போக வேண்டியிருக்கும் என்றாராம். இவர் தூங்கவே இல்லை. எனக்குத் தெரியும், என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணினதைச் சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

"சொல்லி என்ன மேடம். நான் பார்த்தேன்ல." சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். "பதினோரு வருஷம் அந்த ஆத்தைப் பார்த்திருக்கேன். மொதல்ல பார்த்தப்ப ஆளு மாதிரிதான் பட்டுச்சு. கீழ துணின்னு எழுதியிருந்துச்சு. அதைப் படிச்சுட்டுத் திரும்பப் பார்த்தா, துணியாவே தெரிஞ்சுது."

அவர் மனைவி கொண்டுவந்த காபி ஆறிப்போனது. கிளம்பும்போது, இப்போதெல்லாம் நிஜமாகவே தூங்கித்தான் போனேனோ என்று சந்தேகம் வருகிறது என்றார். எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்களாம். இந்த மனுஷனுக்கு இரண்டாவது தடவையாக ஒரு பொய்யை எழுதிக் காட்டி நம்ப வைக்கிறார்கள். முதல் தடவை அதைச் செய்தது நான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் ஷார்ஜாவிலிருந்து பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ சொல்லி அந்தம்மா திரும்பி வரப்போறதில்ல, மஜீதா. நமக்குப் புள்ள இருக்கு. யோசிச்சுக்க" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பயம். எனக்கும் அதே பயம்தான். வேலை போகும். கேஸில் என் பெயரும் சேரும். ஹஃப்ஸாவுக்கு இது பிளஸ் டூ.

யோசித்தேன். யோசிக்க யோசிக்க, பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நிற்பதுதான் கண்ணில் வருகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

துறை வைத்த விசாரணை அதிகாரி அற்புதசாமி. மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். விதி நாற்பத்தொன்று, மெமோ, போன், மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். முடித்ததும், வெயில் வந்தால் என்று பிச்சைமுத்து சொன்னதற்கு என்ன ஆதாரம், அவரே இப்போது தூங்கினேன் என்கிறாரே என்று கேட்டார். நோட்டு கம்பெனியில் இருக்கிறது, இன்று காலை போன் செய்து கேட்டதற்கு அப்படி ஒரு நோட்டே இல்லை என்கிறார்கள் என்றேன். பையிலிருந்து இந்த டைரியை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் ஐந்து, பதினொன்று, முப்பது, ஜூலை இருபத்து மூன்று. பிறகு ஆகஸ்ட் பதினான்கு. என் முன்னால் உட்கார்ந்தே படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த மதியம்னு போட்டிருக்கறது, சேதி தெரியறதுக்கு முன்னாடியேவா எழுதினது?" என்றார். ஆமாம் என்றேன். டிபன் பாக்ஸ் மூடி வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொன்றிலும் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மசால் வடை வாங்கிக் கொடுத்த வரியும் சேர்ந்துதான் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது, அழுகையைவிட வெட்கம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கம்பெனியில் என் மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். அனீஸ் மட்டும் கேட் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் இரண்டு பேரும்தான் அந்த விதியைச் சோதித்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி. வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. ஹஃப்ஸா சேமியா கிண்டினாள், அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 16, வியாழன்

அற்புதசாமி சார் ஆபீஸிலிருந்து போன். அறிக்கை போய்விட்டதாம். தூங்கினேன் என்று எழுதிய வாக்குமூலத்தைப் பிச்சைமுத்து அண்ணன் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் மேல் இருந்த வழக்கைக் கைவிடுகிறார்கள், வேலையிலும் மறுபடி சேர்த்துக்கொள்கிறார்கள். சிஸ்டத்தை எடுத்துவிட்டார்கள். கேமரா படம் மட்டும் வரும், அதன் கீழே எதுவும் எழுதாது. ஊதுவது அவர் இஷ்டம், காரணம் எழுத வேண்டியதில்லை.

என் பேரில் தனியாக விசாரணை தொடரும். கம்பெனி பேரிலும். ஜெய்சங்கர் சார் வக்கீல் வைத்திருக்கிறார். எனக்கு யாரும் இல்லை, இருப்பதைச் சொல்ல வக்கீல் எதற்கு என்று இருந்துவிட்டேன். அவர் ஷார்ஜாவிலிருந்து திட்டினார், பிறகு டிசம்பரில் வருகிறேன் என்றார்.

காளியாயியின் மகளிடம் போய்ச் சொன்னேன். போன், மெமோ, நான் சொன்னது, எல்லாம். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. இந்தத் தடவை முனையை என்னிடம் நீட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மூன்று நாளாக மழை மூட்டம்.

காலை ஒன்பது இருபதுக்குப் போன். பிச்சைமுத்து அண்ணன். வேலையில் சேர்ந்ததிலிருந்து வானம் மூடிய காலையெல்லாம் கூப்பிடுகிறார், இது ஆறாவது தடவை. நான் இப்போது அந்தக் கம்பெனியிலேயே இல்லை என்று அவருக்குத் தெரியும். முதல் தடவையே சொன்னேன், என்னைக் கேட்க வேண்டியதில்லை அண்ணே, நீங்களே ஊதலாம் என்று. தெரியும் மேடம் என்றார். அன்றைக்குத் துணியாகவே தெரிந்ததிலிருந்து தன் கண்மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். எடுக்க மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன், கை மாவாக இருந்தாலும்.

"மேடம், மேகமா இருக்கு. மூணாம் திட்டுல வெள்ளையா ஒண்ணு கெடக்கு. அசையல."

"ஊதுங்க அண்ணே."

போனை வைக்கவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டு ஊதினார். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன். முழுசாக ஐந்து நிமிஷம். பிறகு நாணலைச் சுற்றி நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, மூச்சு வாங்கச் சொன்னார். உரச் சாக்காம், காற்றில் எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கிறதாம். சாக்கு என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கையால் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தொட்டுப் பார்த்தேன் மேடம் என்றார்.

நாளைக்கும் மேகமூட்டம் என்று வானிலையில் போட்டிருக்கிறான். போனை சார்ஜில் போட்டேன்.